1974-க்கு நேராக ஒரு பெயர்

அத்தியாயம் 14

"ஜெசி, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ. உள்ள இன்னாவோ ஒண்ணு கீது!"

அப்பாசாமி ஏணியிலிருந்து இறங்காமலே கூப்பிட்டார். ஜெசிந்தா கணக்கு நோட்டை மூடிவிட்டு ஆபீஸ் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள்.

காலை ஒன்பதரை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், பெருந்தாங்கல் ஏரிக்கரையில் இருக்கும் பாய்ப்படகு கிளப்பில் அந்த நேரத்துக்கு வேலைக்காரர்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். கூடத்தின் மேற்குச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு தேக்குப் பலகை. கிறிஸ்துமஸ் கோப்பையை வென்றவர்களின் பெயர்கள் அதில் வருடவாரியாக, தங்க எழுத்தில், ஆங்கிலத்தில். முதல் பெயர் ஒரு வெள்ளைக்கார கலெக்டருடையது. நூற்றாண்டு விழாவுக்காக அதைத் துடைத்துப் புதிதாக எழுத அப்பாசாமி நான்கு நாட்களாக வந்துகொண்டிருந்தார்.

"இன்னாண்ணா?"

"எழுபத்தி நாலைப் பாரு."

அந்த வருடத்துக்கு நேராக 'பந்தயம் இல்லை' என்று எழுதியிருந்ததை ஜெசிந்தா பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். இப்போது அதில் பாதியைக் காணோம். தின்னரில் நனைத்த துணியால் அப்பாசாமி தேய்த்த இடத்தில், பழுப்புப் பெயிண்ட் கரைந்து, அடியிலிருந்து தங்க எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

"மத்த வருசத்துக்கெல்லாம் ஒரே பூச்சுதான். இதுக்கு மட்டும் மேல ஒரு பட்டை. இது பலகைக்கு அடிக்கிற பெயிண்டே இல்ல. போட்டுக்கு அடியில அடிப்பாங்களே, அது. அதான் உரியவே மாட்டேன்னுது."

"இன்னும் கொஞ்சம் தேய்ங்கண்ணா."

அவர் தேய்த்தார். 'நாராயணன்' என்ற கடைசிப் பகுதி முதலில் தெரிந்தது. பிறகு முன்னால் ஒரு எல். லக்ஷ்மிநாராயணன். கிளப்பின் மூத்த உறுப்பினர். கமிட்டியில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு பெயர். ஐந்தே எழுத்து.

ஜெசிந்தா ஏணியின் முதல் படியில் ஏறி நின்று படித்தாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"மோசஸ்" என்றார் அப்பாசாமி. "இன்னா ஜெசி, உன் நைனா பேராச்சே?"

* * *

போன வார அத்தியாயத்தில் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஜெசிந்தாவின் மகள் ஜெனிஃபர் கிறிஸ்துமஸ் கோப்பைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். செங்கல்பட்டுக் கல்லூரியில் மூன்றாம் வருடம், என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப்படகு கற்று, விசாகப்பட்டினம் வரை போய் மெடல் வாங்கி வந்தவள். ஊழியர்களின் பிள்ளைகள் ஏரியில் பயிற்சி எடுக்கலாம் என்று கிளப் விதி இருக்கிறது. பந்தயத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

செயலாளர் மோகன் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார். உறுப்பினர் அல்லாதவர் கோப்பைப் பந்தயத்தில் சுக்கான் பிடித்ததற்கு முன்னுதாரணம் இல்லை என்று ஒரு வரி. அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவள், ஆபீஸ் கிளார்க் என்ற முறையில், ஜெசிந்தாவேதான்.

அன்றிலிருந்து மகள் அவளோடு பேசவில்லை. மூன்று நாளாகிறது. கணவன் ஜெபசிங்குக்கு ரயில்வேயில் விழுப்புரம் பக்கம் டியூட்டி. சமாதானம் செய்யவும் ஆளில்லை.

இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடி ஜெனிஃபரின் விஷயத்தைக் கடைசியாகப் பேசி முடிக்கப் போகிறது. பந்தயம் அடுத்த ஞாயிறு.

ஜெசிந்தா ஆபீஸுக்குத் திரும்பி இரும்பு பீரோவைத் திறந்தாள். நூற்றாண்டு மலருக்குக் கிளப்பின் வரலாற்றைத் தொகுக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. ஆரம்பத்தில் அலுப்பாக இருந்தது. பிறகு அந்தப் பழைய தீர்மானப் புத்தகங்களை அவளால் கீழே வைக்க முடியவில்லை.

முதல் நான்கு படகுகள் கப்பலில் மதராஸ் வந்து, கூட்ஸ் வண்டியில் செங்கல்பட்டு இறங்கி, பன்னிரண்டு மாட்டுவண்டிகளில் ஏரிக்கு வந்து சேர்ந்தன. வழியில் ஒரு வண்டி குடை சாய்ந்ததில் ஒரு பாய்மரம் உடைந்து, அதற்குப் பதில் ஊர்ச் சவுக்குமரத்தை நட்டு ஓட்டினார்கள். படகில் நாய் ஏறக்கூடாது என்று 1931-இல் ஒரு தீர்மானம்; கலெக்டரின் நாய்க்கு மட்டும் விலக்கு. 1938-இல் ஒரு பந்தயமே குழம்பிப் போனது, எதிர்க்கரையில் சலவைக்காரர் உலர்த்திய சிவப்புச் சேலையைத் திரும்பி வரச் சொல்லும் கொடி என்று நினைத்து மூன்று துரைமார்கள் பாதியில் திரும்பிவிட்டதால். யுத்த காலத்தில் பாய்த்துணி கிடைக்காமல் படுக்கை விரிப்பைக் கட்டி ஓட்டினார்கள்.

உறுப்பினர்களுக்கு முன்வாசல், படகுக்காரர்களுக்குக் கொட்டகை வாசல். தேநீர் நேரத்தில் வெள்ளைக் கால்சட்டை. பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கலாம். 1989 வரை உறுப்பினராக முடியாது. ஜெயித்தவர் மணி அடிப்பார், தோற்றவர் அவர் படகைக் கழுவித் தருவார். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது.

படகுகளைத் தள்ளியவர்கள், தூக்கியவர்கள், உறுப்பினருக்குத் துணை ஆள் இல்லாதபோது கூட ஏறிக் கயிறு இழுத்தவர்கள், இவர்களுக்குப் புத்தகங்களில் பெயரே கிடையாது. 'படகுக்காரர் அறுவர்' என்று எண்ணிக்கை மட்டும் இருந்தது. அந்த ஆறில் ஒருவர் அவள் அப்பா. நாற்பத்தோரு வருடம்.

அப்படியிருக்க, படகுக்காரர் மோசஸின் பெயர் தங்க எழுத்தில் பலகையில் எப்படி ஏறியது? ஏறியதை யார் மறைத்தது?

1974 டிசம்பர் 22. 'பந்தயம் நடைபெறவில்லை.' அவ்வளவுதான். அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஜனவரி மாதக் கூட்டத்தில் ஒரு வரி இருந்தது.

'திரு. லக்ஷ்மிநாராயணன் கோப்பையைத் திருப்பி அளித்தார். விவாதத்தைப் பதிவு செய்ய வேண்டாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.'

நடக்காத பந்தயத்தின் கோப்பையை ஒருவர் எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்?

"என்ன ஜெசிந்தா, அப்பாசாமி வேலையை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கார்?" மோகன் வாசலில் நின்றார். ஐம்பது வயது, சாஃப்ட்வேர் கம்பெனியை விற்றுவிட்டு முழுநேரமும் கிளப்பைக் கவனிப்பவர்.

அவள் காட்டினாள். அவர் பலகையருகே போய்ப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஏதோ பழைய தப்பு. இருந்த மாதிரியே எழுதச் சொல்லுங்க. விழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"சார், தப்பா சரியான்னு தெரியாம..."

"மினிட்ஸ்ல என்ன இருக்கோ அதான் சரி." போகத் திரும்பியவர் நின்றார். "உங்க பொண்ணு விஷயத்துல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்ல. இதுக்கு முன்னாடி ஒருத்தர் ஓட்டியிருந்தார்னா நானே கையெழுத்துப் போட்டுடுவேன். புதுசா நான் ஆரம்பிச்சு வெச்சா, நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

அவர் போனதும் அப்பாசாமி துணியைப் பிழிந்தபடி கேட்டார். "இன்னா பண்ணட்டும்? மூடட்டா, தேய்க்கட்டா?"

"சாப்ட்டு வாங்கண்ணா. நான் வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

* * *

வீடு ஏரியின் எதிர்க்கரையில். ஸ்கூட்டியில் கரை மேலேயே போனால் ஆறு நிமிடம்.

மோசஸ் கட்டிலில் சாய்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயதிலும் தோளில் தசை இறங்கவில்லை. ஜெனிஃபர் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"நைனா, எழுபத்தி நாலு கிறிஸ்துமஸ் கப்புல இன்னா நடந்துச்சு?"

மோசஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. ரேஸே இல்லன்னு எழுதி கீதுல்ல?"

"அதுக்குக் கீழ உன் பேரு கீது."

கிரிக்கெட்டில் யாரோ அவுட்டானார், கூட்டம் கத்தியது. மோசஸ் அதைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய கட்டைவிரல் மட்டும் திரையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"யாரு சொரண்டச் சொன்னது?"

"அப்பாசாமியண்ணன் தொடைக்கறப்ப தானா வந்துச்சு. லக்ஷ்மிநாராயணன் சார் பேரும், கீழ உன் பேரும்."

"மூடிடச் சொல்லு."

"ஏன் நைனா?"

"மூடிடச் சொல்லுன்னா மூடிடச் சொல்லு. சும்மா பேஜாரு பண்ணாத." அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ஜெனிஃபர் ஈரக் கையோடு வாசலில் நின்றாள்.

"தாத்தா பேரு போர்டுல கீதா?"

மூன்று நாளில் மகள் பேசிய முதல் வார்த்தை. ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப படகுக்காரங்க யாரும் ரேஸ்ல ஓட்டினதே இல்லன்னு சொன்னது?"

"தெரியாது. உன் தாத்தா ஓட்டினாரா, கூட ஏறிப் போனாரான்னு தெரியாது. லக்ஷ்மிநாராயணன் சாரைத்தான் கேக்கணும்."

"நீ கேப்பியா?" ஜெனிஃபர் அவளை நேராகப் பார்த்தாள். "இல்ல, அவரு இன்னா எழுதிக் குடுத்தாலும் கையெழுத்து போட்டு வாங்கிக்குவியா?"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"வர்றியா? இல்ல இங்கயே நின்னுகினு என்னைத் திட்டப் போறியா?"

* * *

லக்ஷ்மிநாராயணன் நான்கரை மணிக்கு வந்தார். கைத்தடி, வெளுத்த கதர்ச் சட்டை. கமிட்டி அறைக்குப் போகிற வழியில் பலகையின் முன்னால் நின்றவர், அதற்கு மேல் நகரவில்லை.

ஜெசிந்தா அவர் பக்கத்தில் போய் நின்றாள். காலையிலிருந்து மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள்.

"சார், இது உண்மையா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாதி" என்றார் அவர்.

அப்பாசாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்தார். தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்குப் படகுலயே ஏறலம்மா."

ஜெனிஃபர் தூணில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை படகு கவுந்து நான் பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டேன். மேல வர வழி தெரியல. எந்தப் பக்கம் போனாலும் துணி. மோசஸ்தான் காலைப் பிடிச்சு இழுத்து வெளிய போட்டான். பந்தயத்தன்னிக்குக் கொட்டகைல நின்னுட்டிருக்கேன், காத்துச் சத்தம் கேக்குது, எனக்கு வாந்தி வந்துடுச்சு. இருபத்தஞ்சு வயசு. போன வருஷ சாம்பியன். வராந்தாவுல எங்கப்பா, கலெக்டர், எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க."

"அப்புறம் யாரு சார் ஓட்டினது?" ஜெனிஃபர் கேட்டாள். "தாத்தாவா?"

"ராஜம். என் தங்கச்சி."

அவர் பலகையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார். ராஜத்துக்கு அப்போது இருபது. விடிகாலையில் யாரும் வருவதற்கு முன் அண்ணனோடு ஏரிக்கு வந்து ஓட்டிப் பழகியவள். அவனைவிட நன்றாக ஓட்டுவாள். அது அண்ணனுக்கும் மோசஸுக்கும் மட்டும் தெரியும். அன்றைக்குத் தூறலும் காற்றும். அண்ணனின் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு, கயிறு இழுக்க மோசஸோடு படகில் ஏறிவிட்டாள். வராந்தாவில் பைனாகுலர் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீலப் பாயும் மஞ்சள் கோட்டும்தான். ஒன்பது படகில் ஐந்து கவிழ்ந்துபோனது. நீலப் பாய் முதலாவதாக வந்தது.

"மணியை யார் அடிச்சாங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"நான்." அவர் கண்ணை மூடித் திறந்தார். "கொட்டகைலயே கோட்டை மாத்திக்கிட்டு வந்து அடிச்சேன். கோப்பையும் வாங்கினேன். மோசஸ் பேரும் பலகையில வரணும்னு சண்டை போட்டேன். அதைச் செஞ்சா மனசு கொஞ்சம் லேசாகும்னு நெனச்சேன். பதினோரு நாள் அந்தப் பேர் அங்க இருந்துச்சு. பன்னெண்டாம் நாள் காலையில வந்து பார்த்தா, மேல பழுப்புப் பெயிண்ட்."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

குரல் முன்வாசலிலிருந்து வந்தது. மோசஸ் நின்றிருந்தார். வேலை பார்த்த நாற்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் அவர் அந்த வாசல் வழியாக உள்ளே வந்ததில்லை. இப்போதும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு காலை எடுக்கத் தயங்கினார். ஜெனிஃபர் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பேத்தியக் கூட்டிகினு போனப்பவே தெரியும், நீ நோண்டி எடுத்துடுவேன்னு" என்றார் மகளைப் பார்த்து. பிறகு லக்ஷ்மிநாராயணன் பக்கம் திரும்பினார். "ஐயா, கால் வலி எப்டி கீது?"

"அப்படியே இருக்கு மோசஸ். உட்காரு."

மோசஸ் உட்காரவில்லை.

"ரெண்டு பேருல ஒண்ணு பொய்" என்றார். "பொய்ப் பேருக்குக் கீழ எம் பேரு எதுக்கு? தெனம் கொட்டகைலருந்து பாத்துகினே இருந்தேன். சோறு எறங்கல. ராஜம்மா வேற அந்தப் பக்கம் வந்தா போர்டையே பாக்காம தலைய குனிஞ்சுகினு போவாங்க. போட்டு பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு. விடிகாலைல வந்து அடிச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க வாணாம்னு சொல்வீங்க."

லக்ஷ்மிநாராயணன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"இவனை வேலையை விட்டு அனுப்பணும்னாங்க" என்றார் ஜெசிந்தாவிடம். "போலீஸ்னு கூடப் பேச்சு வந்துச்சு. அப்பதான் கமிட்டியில எழுந்து உண்மையைச் சொன்னேன். கோப்பையை மேஜை மேல வெச்சேன். ஒரு பொண்ணு, படகுக்காரனோட தனியா படகுல போய் கலெக்டர் முன்னாடி ஜெயிச்சுட்டான்னு வெளிய தெரிஞ்சா கிளப் மானம் போயிடும்னாங்க. கடைசியில டிசம்பர் பக்கத்தையும் மாத்தி, பந்தயமே நடக்கலன்னு எழுதிடலாம்னு முடிவாச்சு. மோசஸ் மேல கை வைக்கக்கூடாதுன்னு மட்டும் நான் கேட்டேன். ராஜத்தைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. அப்பா அவளைக் கோயம்புத்தூர்ல மாமா வீட்டுக்கு அனுப்பிட்டார். அங்கயே படிச்சு, காலேஜ்ல கணக்குச் சொல்லிக் குடுத்து, ரிடையர் ஆயிட்டா. ஒருதரம் கூட ஏரிப் பக்கம் வரல."

வராந்தாவின் மூங்கில் தட்டி காற்றில் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

ஜெனிஃபர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப மெம்பர் இல்லாத ஒருத்தங்க கப் ரேஸ்ல ஓட்டிருக்காங்க. ஜெயிச்சும் இருக்காங்க."

ஜெசிந்தா மகளைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்பாவின் பெயரையே நினைத்துக்கொண்டிருந்ததில், இது அவளுக்கு உறைக்கவே இல்லை.

* * *

கமிட்டி ஐந்து மணிக்குக் கூடியது. குறிப்பெடுக்க ஜெசிந்தா வழக்கம்போல மேஜையின் கோடியில் உட்கார்ந்தாள். லக்ஷ்மிநாராயணன் எழுந்து நின்று, ஐம்பத்தோரு வருடத்துக்கு முன் சொன்னதையே மறுபடி சொன்னார். ஏழு பேர் கேட்டார்கள். இரண்டு பேர் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள்.

மோகன் மட்டும் பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.

"சார், உங்க வார்த்தையை நான் சந்தேகப்படல. ஆனா நீங்களே சொல்றீங்க, நீங்க படகுல இல்லன்னு. கரையில இருந்தவர் சொல்றதை வெச்சு மினிட்ஸை எப்படி மாத்தறது? ஓட்டினவங்க எழுத்துல தரணும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டார்ட்டிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகுது. அதுக்குள்ள வந்தா, பலகையும் மாறும், ஜெனிஃபர் பேரும் லிஸ்ட்ல ஏறும்."

"விவாதத்தைப் பதிவு செய்ய வேண்டாம்" என்றார் யாரோ ஒருவர்.

ஜெசிந்தாவின் பேனா நின்றது.

"இல்லைங்க சார்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவள் யாரும் கேட்காமல் பேசியது அதுவே முதல் தடவை. "இந்தத் தடவை நான் எழுதறேன். ஏற்கெனவே எழுதிட்டேன்."

லக்ஷ்மிநாராயணன் தடியால் தரையை ஒருமுறை தட்டினார். மோகன் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

* * *

ஆபீஸ் அறையில் லக்ஷ்மிநாராயணன் ஒரு நம்பரைச் சொன்னார். ஜெசிந்தா எழுதிக்கொண்டாள்.

"நீங்களே பேசலாமே சார்?"

"பொங்கல், தீபாவளிக்குப் பேசுவா. ஏரின்னு சொன்னா போனை வெச்சுடுவா. நான் பண்ணினா சரிப்படாது." அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மோசஸ் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஜெனிஃபர் மேஜை மேல் ஏறி அமர்ந்திருந்தாள். ஜெசிந்தா ஸ்பீக்கரைப் போட்டாள். ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"அம்மா, வணக்கம். நான் ஜெசிந்தா. செங்கல்பட்டுலேருந்து பேசறேன். பெருந்தாங்கல் போட் கிளப்ல வேலை பாக்கறேன். மோசஸோட பொண்ணு."

மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறார்கள் என்று ஜெசிந்தா நினைத்தாள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்றது குரல்.

ஜெசிந்தா விழித்தாள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தும் அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஜெனிஃபர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வாடை, ஆன்ட்டி. கொஞ்சம் கிழக்கால திரும்பிகினு கீது."

"இது யாரு?"

"மோசஸ் பேத்தி. ஜெனிஃபர். நான்தான் ரேஸ் ஓட்டணும்."

"வாடை கிழக்கால திரும்பினா கோயில் பக்கத்துக் கரைக்குக் கிட்டப் போகாத. அங்க மரம் காத்தை மறைச்சுடும், பாய் செத்துப்போயிடும். நடு ஏரியிலயே இரு."

"தெரியும் ஆன்ட்டி. போன வாரம் மாட்டிக்கினேன்."

குரலில் சின்னதாக ஒரு சிரிப்பு. ஜெசிந்தா அந்த இடைவெளியில் விஷயத்தைச் சொன்னாள். பலகை, பழுப்புப் பெயிண்ட், கமிட்டி, திங்கட்கிழமை பத்து மணி. ராஜம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அண்ணன் எழுந்து நின்னு சொன்னானா? எல்லார் முன்னாடியும்?"

"சொன்னாரும்மா."

"ம்." "எழுதித் தர்றதுல எனக்குக் கஷ்டம் இல்ல. இன்னிக்கே எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன். ஆனா நான் கணக்கு டீச்சர். பாதி உண்மையை எழுத எனக்கு வராது."

"பாதியா? புரியலம்மா."

"கடைசி மிதவையைச் சுத்தறதுக்கு முன்னாடியே என் கண்ணாடி தண்ணியில போயிடுச்சு. எனக்கு அது இல்லாம கைக்கு எட்டின தூரம் கூடத் தெரியாது. சுக்கானைக் குடுத்துட்டு நான் கயித்துக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் கோடு தாண்டற வரைக்கும், அந்தப் பேய்க்காத்துல, ஓட்டினது உங்கப்பா. ரெண்டு படகை முந்தினதும் அவர்தான்." குரல் நின்று, மறுபடி வந்தது. "அவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

ஜெனிஃபர் மேஜையிலிருந்து இறங்கினாள். ஜெசிந்தா மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மோசஸ் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"போனை வை, ஜெசி" என்றார்.

அவள் வைக்கவில்லை.